தொப்பியில் வந்த ஏழு வில்லைகள்

தனக்கு உயிர்போகிற பயம் தரும் இடத்தையே ஒருத்தி தேடிப் போய், அங்கே வேலை கேட்டு வாங்கி, பதினாறு வருடம் மற்றவர்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போவாளா? இர்மினா தியோபால்ட் போனாள். பிரென்வைலரில் இதற்கு விடை வைத்திருந்தவர்கள் பலர். ஓய்வூதியம் போதவில்லை என்றார்கள். கல்யாணம் ஆகாதவள், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பாள் என்றார்கள். ரொட்டிக்கடைக்காரி, "அவளுக்கு அந்தப் பழைய இரும்பு மேல பாசம்" என்றாள். பாசம் என்ற சொல் எவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்துவிடுகிறது! ஆலையின் படிக்கட்டில் ஏறும்போது இர்மினா கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வதை அவள் பார்த்ததில்லை.

ஊரை ஒட்டி, சார் என்ற ஆற்றின் கரையில், இரும்பு உருக்கும் ஆறு ஊது உலைகளோடு நிற்கிறது ஆலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் கடைசி உலையும் அணைந்தது. ஏழு வருடம் துருப்பிடித்துக் கிடந்தபின், இடிக்காமல் காப்பாற்றி வைப்பதென்று முடிவாகி, சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர்களை விட ஆரம்பித்தார்கள். சுற்றிக் காட்ட வழிகாட்டிகள் வேண்டும், பழைய ஆட்களாக இருந்தால் நல்லது என்று நோட்டீஸ் ஒட்டியபோது முதலில் வந்து கையெழுத்துப் போட்டவள் இர்மினா.

பழைய ஆள்தான். ஆனால் உலையடியில் நின்றவள் அல்ல. பத்தொன்பது வயதிலிருந்து அவள் வாயிற்கதவை ஒட்டிய வில்லை அறையில் இருந்தாள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. உள்ளே போகும்போது கையோடு எடுத்துப் போக வேண்டும். வெளியே போகும்போது ஜன்னலில் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிப் பலகையில் அதனதன் கொக்கியில் மாட்டுவாள். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள். வேலை முடியும் சங்கு ஊதி ஒரு மணி நேரம் கழித்தும் காலியாகவே இருந்தால் அவள் போன் செய்ய வேண்டும், தேட ஆட்கள் போவார்கள். ஒரு கைக்கு ஒரு வில்லை. இதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு வருடத்தில் ஒரு நாள் விடுமுறை. தவக்காலத்துக்கு முந்தைய களியாட்டத் திங்கள் அன்று, சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்பே ஒவ்வொரு குழுவும் தன் வில்லைகளை ஒரு தொப்பியில் போட்டு ஒருவனிடம் கொடுத்தனுப்பும். மற்றவர்கள் வரிசையில் நிற்காமல் பக்கக் கதவு வழியாக நேரே மதுக்கடைக்கு ஓடுவார்கள். மேஸ்திரிக்குத் தெரியும். அதிகாரிக்கும் தெரியும். தெரியாதென்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

எழுபத்து நான்கில் அந்தத் திங்களன்று, நான்காம் உலையின் மேல்மேடைக் குழுவிலிருந்து ரிகோபெர்ட் பாக்கெஸ் தொப்பியை ஜன்னலில் கவிழ்த்தான். மூக்கில் சிவப்புச் சாயம் பூசியிருந்தான்.

"எண்ணிக்கோ, ராணியம்மா. ஏழு."

இர்மினா சிரித்துக்கொண்டே ஏழையும் மாட்டினாள்.

ஏழாவது வில்லைக்குச் சொந்தக்காரன் எட்வின் ஷோர். வில்லையைத் தொப்பியில் போட்டபின், விட்டுவந்த கோட்டை எடுக்க மறுபடி மேலே ஏறியிருந்தான். பழுதுபார்ப்பதற்காக அன்று நான்காம் உலையை அடக்கி வைத்திருந்தார்கள். அடுத்த ஷிப்டுக்கு அங்கே வேலை இல்லை. பக்கத்து உலையின் வாயு ஏதோ ஓர் அடைப்பானில் கசிந்துகொண்டிருந்தது. உலைவாயுவுக்கு வாசனை கிடையாது.

மாலையில் அவன் மனைவி ஜன்னலுக்கு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை, கன்னத்தில் பூனை மீசை வரைந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர் வெளிய வந்துட்டாரா?"

இர்மினா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். "போயிட்டாருங்க. வில்லை இதோ தொங்குதே."

"அப்ப குடிக்கத்தான் போயிருப்பாரு. வரட்டும், பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மதுக்கடைத் தெருவுக்குள் போனாள். மறுநாள் காலையில்தான் அவன் மேல்மேடையில் பிணமாகக் கிடைத்தான். கோட்டுப் பையில் ஒரு புட்டி இருந்தது. அன்று எல்லோர் பையிலும் இருந்ததுதான்.

விசாரணைக்கு வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வில்லைய அவங்கவங்க கையால கொடுத்தாங்களா?" குழுவில் மிச்சமிருந்த ஆறு பேரும் ஆமாம் என்றார்கள். இர்மினாவும் ஆமாம் என்றாள். அப்படியானால் எட்வின் ஷோர் வெளியே போய்விட்டு, குடித்துவிட்டு, திருட்டுத்தனமாகத் திரும்ப உள்ளே நுழைந்தவன். அப்படித்தான் எழுதப்பட்டது. மறு வருடம் அவன் மனைவி குழந்தையோடு மன்ஹைமுக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு 'ஆமாம்' இர்மினாவை எப்போதும் தூங்கவிடாமல் அடித்தது என்று சொன்னால் பொய். தூங்கினாள், சாப்பிட்டாள், தேவாலயத்தில் பாடினாள். ஆனால் மடியில் கனம் இருப்பவளுக்கு வழியெல்லாம் பயம். யாராவது ஜன்னலில் ஒரு நொடி அதிகம் நின்றால், எண்ணிய வில்லைகளையே மறுபடி எண்ணுவாள். வழிகாட்டியானபின் பயம் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. பார்வையாளர்களுக்கும் ஆளுக்கொரு வில்லை கொடுத்து, திரும்பி வந்ததும் அவரவர் கையாலேயே மாட்ட வேண்டுமென்று விதி வைத்தாள். கணவனுக்காக மனைவி மாட்டப் போனால்கூட விடமாட்டாள்.

"போப்பாண்டவரே வந்தாலும் அவர் கையாலதான் மாட்டணுமா?" என்பான் ரிகோபெர்ட். அவனும் அங்கே வழிகாட்டியாக இருந்தான். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரன். 'இங்க முப்பது வருஷம் இருந்தேன், அதுல பத்து வருஷம் நெஜமாவே வேலை பாத்தேன்' என்று ஆரம்பித்தால் கூட்டம் அவன் பின்னாலேயே போகும். முப்பத்தைந்து வருடத்தில் தொப்பியைப் பற்றி அவனும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேச வேண்டி வந்தது இரண்டாயிரத்து ஒன்பது நவம்பரில், ஒரு சனிக்கிழமை. மதியம் மூன்று மணிக் குழுவின் பெயர்ப் பட்டியலை இர்மினா விரலால் தொட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பெயரில் விரல் நின்றது. சில்கே ஷோர், மன்ஹைம்.

"ரிகோபெர்ட், இதப் பாரு."

அவன் லியோனர் தொத்திறைச்சித் துண்டைக் கடுகு விழுதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். பார்த்தான். விரலைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான்.

"உலகத்துல எத்தனையோ ஷோர்."

"மன்ஹைம்ல?"

"சரி, நீ தலைவலின்னு வீட்டுக்குப் போ. நான் கூட்டிட்டுப் போறேன்."

இவன் அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, பத்து வருஷம்தான் வேலை பார்த்தேன் என்று ஜோக் அடிப்பதை நினைத்துப் பார்த்தாள். "வேண்டாம். நானே போறேன்."

"போ. ஆனா வாய மூடிட்டுப் போ. முப்பத்தஞ்சு வருஷம் மூடின வாய், இன்னும் ரெண்டு மணி நேரம் மூடுறதுக்கு வலிக்கவா போகுது?" சிரிப்பது போல்தான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட உயரமான பெண் கடைசியில் நின்றாள். பெயரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீளமான அந்த முகவாய் எட்வினுடையது.

பழைய வில்லைப் பலகையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "இந்தப் பலகைய ஏமாத்த முடியுமா?"

இர்மினா ஒரு கொக்கியை நேராக்குவதுபோல் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏமாத்த முடியாத பலகையே கெடையாதும்மா" என்று ரயில்வேக்காரர் முந்திக்கொண்டார். "எங்க ஸ்டேஷன்ல வராத ரயிலக்கூட வந்ததா எழுதியிருக்கோம்." கூட்டம் சிரித்தது. இர்மினாவும் சிரிப்பதுபோல் வாயைத் திறந்து, "வாங்க, அடுத்து உலைக்குக் கரி சுட்ட கற்கரிக் கூடம்" என்றாள்.

கற்கரிக் கூடத்திலும் தாதுக் கூடத்திலும் அவள் குரல் தன்னால் பேசிக்கொண்டு போனது. பதினாறு வருடம் சொன்ன வார்த்தைகள் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவள் அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டாள். முதுகில் மட்டும் அந்தப் பார்வை பட்டுக்கொண்டே இருந்தது.

இருபத்தேழு மீட்டர் உயரத்தில், உலைகளின் வாயருகே ஓடுகிறது மேல்மேடை. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்திருந்தது. பத்தடிக்கு அப்பால் குழாய்கள் கரைந்து நின்றன. காற்று எங்கோ ஓர் ஓட்டைக்குள் புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. உலைவாய்க்குத் தாது ஏற்றி வந்த தொங்கு வண்டிகளைக் காட்டினாள். பிறகு, இங்கே சொல்லியாக வேண்டியதைச் சொன்னாள்.

"இந்த உலைகள்ல இருந்து வர்ற வாயுவுக்கு மணம் கெடையாது, நெறம் கெடையாது. தலை லேசா கனக்கும், காலு தள்ளாடும். கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோம்னு தோணும்."

"குடிச்சவங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?" சில்கேயின் குரல். "வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"தெரியாது" என்றாள் இர்மினா. படிப்பக்கம் கை காட்டினாள். "கீழ எறங்கலாம். படி வழுக்கும், பாத்து."

எப்போதும் கடைசி ஆளை முன்னே விட்டுத்தான் அவள் இறங்குவாள். அன்று முதல் ஆளாக இறங்கினாள். அந்தக் கண்கள் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் தள்ளியிருக்குமோ அவ்வளவு நல்லது என்று இருந்தது.

கீழே வந்து ஒவ்வொருவரும் வில்லையை மாட்டினார்கள். ரயில்வேக்காரர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. இர்மினா பலகையைப் பார்த்தாள். ஒன்பதாம் கொக்கி காலி.

"ஒண்ணு கொறையுது."

ரிகோபெர்ட் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டிருந்தான். "ஞாபகார்த்தமா சுட்டுட்டுப் போயிருப்பாங்க. மாசத்துக்கு ரெண்டு இப்படித்தான் போகுது."

"ஒன்பது, ரிகோபெர்ட். அந்தப் பொண்ணு."

அவன் கை நின்றது. "அவ கார்ல ஏறிப் போயிருப்பா. பூட்டுவோம் இர்மினா. இருட்டப் போகுது."

"அவ கார்ல ஏறினத நீ பாத்தியா?"

அவன் சாவிக்கொத்தை மேசையில் வைத்தான். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வதற்கு இருவருக்கும் அன்று தெம்பில்லை. "நான் போன் பண்ணி யாரையாவது..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

தனியாக அவள் அந்தப் படிகளில் ஏறியதே இல்லை. மேலே ஏறுவதற்கு அவளுக்கு எப்போதும் பின்னால் பத்துப் பேரின் மூச்சு வேண்டும். இப்போது அவள் காலடி ஓசை மட்டும் இரும்பில் விழுந்து, ஒரு நொடி தாமதித்து வேறு எங்கிருந்தோ திரும்பி வந்தது. இன்னொருவர் கூடவே ஏறுவது போல இருந்தது. இரண்டு தரம் நின்று விளக்கைப் பின்னால் திருப்பினாள். பனியைத் தவிர ஒன்றுமில்லை. கைப்பிடியின் ஈரம் கையுறைக்குள் இறங்கியது.

மேலே என்ன கிடைக்கும்? கம்பியைத் தாண்டி விழுந்திருந்தால்? விழுந்தாளோ, குதித்தாளோ? அப்போது இன்னொரு நினைப்பும் சத்தமில்லாமல் வந்தது. விழுந்திருந்தால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

இர்மினா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனிதருக்குத் தன்னைப் பற்றித் தெரியாதது கொஞ்சம் இருக்கும், தெரியாமலே போய்ச் சேர்ந்தால் புண்ணியம். அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உயரம், இருட்டு, அந்தப் பெண்ணின் முகவாய் எல்லாவற்றையும்விடத் தன் தலைக்குள் வந்துபோன அந்த நினைப்புதான் அவளைக் கிடுகிடுக்க வைத்தது. எழுந்து, கிட்டத்தட்ட ஓடினாள்.

நான்காம் உலையின் ஓரம், குழாயில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி, கண் மூடி உட்கார்ந்திருந்தாள் சில்கே.

"எந்திரி!" இர்மினா கத்தினாள். "இங்க உக்காராத, எந்திரி!" தோளைப் பிடித்து இழுத்தாள். கண் திறந்த பின்னும் இழுத்தாள்.

"என்னங்க இது? விடுங்க. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"இங்க உக்காரக் கூடாது."

"இப்பதான் இங்க வாயு இல்லையே. அணைஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"தெரியும்." கையை எடுக்க முடியவில்லை. விரல்கள் கோட்டைப் பிடித்தபடியே இருந்தன.

சில்கே அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "எங்க அப்பா இங்கதான் செத்தாரு. குடிச்சுட்டுத் திருட்டுத்தனமா திரும்ப வந்தாராம், விட்டுட்டுப் போன புட்டிய எடுக்க. அம்மா போன மாசம் இறந்துட்டாங்க. சாகுற வரைக்கும் இதத்தான் சொன்னாங்க. ஒரு புட்டிக்காக நம்மள விட்டுட்டுப் போனவன்னு. களியாட்டம் வந்தா எங்க வீட்ல ஜன்னலத் தொறக்க மாட்டாங்க. அது எப்படிப்பட்ட புட்டி, எப்படிப்பட்ட எடம்னு ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

காற்று ஓட்டைக்குள் ஊதியது. இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேச வேண்டியிருக்காது என்பது இர்மினாவுக்குத் தெரிந்தது.

"அவர் வெளிய போகவே இல்ல" என்றாள்.

"என்ன?"

"வில்லை மட்டும்தான் வெளிய வந்துச்சு. ஒரு தொப்பியில. ஏழு வில்லை. அவரு கோட்ட எடுக்க மேல போனாரு. வெளியவே போகாதவரு எப்படித் திரும்பி வருவாரு?"

துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாகச் சொன்னாள். சில்கே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "ஜன்னல்ல உக்காந்திருந்தது யாரு?" என்றாள்.

"நான்."

"எங்கம்மாகிட்ட, போயிட்டாருன்னு சொன்னது?"

"நான்தான்."

சில்கே தன் கோட்டிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அடிப்பாள் என்று இர்மினா நினைத்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. அடிக்கவில்லை.

"தொப்பிய யாரு கொண்டுவந்தா?"

கீழே பனிக்குள்ளிருந்து ஒரு விளக்கு ஆடியது. "இர்மினா!" ரிகோபெர்ட்டின் குரல். "ஆள் கெடச்சாச்சா? உயிரோட இருக்காளா?"

"இருக்கா!" என்று கத்தினாள். பிறகு சில்கேயிடம், "திங்கக்கிழமை நோட்டரிகிட்ட வாங்க. சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கறேன். எல்லாத்தையும் அங்க சொல்றேன்" என்றாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்தவளுக்கு வீட்டு வாசலில் ரிகோபெர்ட் காத்திருந்தான். உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

"பேரச் சொல்லப் போறியா?"

"தெரியல."

"மத்த அஞ்சு பேரும் போய்ச் சேந்தாச்சு. மிச்சம் நான் ஒருத்தன்."

"ஆமா."

"என் மகன் தீயணைப்புப் படையில தலைவனா இருக்கான், தெரியுமில்ல? ஊர்ல எவனாவது காணாமப் போனா அவன்தான் தேடப் போறவன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஒண்ணு சொல்றேன். மதுக்கடைல உக்காந்து எண்ணிப் பாத்தேன். ஆறு பேர்தான் இருந்தோம். அப்பவே எண்ணினேன், இர்மினா. அவன் பொண்டாட்டி வந்து கேட்டப்பவும் நான் அங்கதான் இருந்தேன். திரும்பிப் போய் ஜன்னல்ல சொன்னா எல்லாரோட சீட்டும் கிழியும். வீட்டுக்குப் போயிருப்பான்னு எனக்கு நானே சொல்லிட்டு இன்னொரு கோப்பை வாங்கினேன்."

இது அவளுக்குப் புதிது. முப்பத்தைந்து வருடம் ஒரே பயத்தை இருவரும் பங்கு போட்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அவனுடைய பங்கு இவ்வளவு என்று தெரியாது. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்து படியிறங்கிப் போனான்.

திங்களன்று நோட்டரியின் அறையில் சூடு அதிகமாக இருந்தும் இர்மினா கோட்டைக் கழற்றவில்லை. நோட்டரி இளம் வயதுக்காரர். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து, திரும்ப வாசித்துக் காட்டினார். தேதி. ஜன்னல். ஏழு வில்லைகள். பொய்ச் சாட்சி. எல்லாம் சரி என்று தலையாட்டினாள். பொய்ச் சத்தியம் தனிக் குற்றம் என்பதை ஆரம்பத்திலேயே அவர் சொல்லியிருந்தார்.

"வில்லைகள ஜன்னலுக்குக் கொண்டுவந்தவர் பேரு?" என்றார்.

சில்கே நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். தெருவில் ஒரு பேருந்து நின்று கிளம்பியது. காணாமப் போனா அவன்தான் தேடப் போறவன் என்று ரிகோபெர்ட் சொன்ன அந்த மகன் இர்மினாவின் நினைவுக்கு வந்தான்.

"யாரும் கொண்டுவரல" என்றாள். "நானே வெளிய போய் தொப்பிய நீட்டி, எல்லாத்தையும் சேத்து வாங்கிட்டு வந்தேன்."

நோட்டரி அப்படியே தட்டச்சு செய்து, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.